அலை உடையாத இடம்

எங்கள் பக்கத்தில் 'முகாம்' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. அகதி முகாம், இராணுவ முகாம், சுனாமிக்குப் பிறகு தகர முகாம் என்றுதான் எங்கள் உம்மாமார் அந்தச் சொல்லை அறிந்திருக்கிறார்கள். அதனால், வெளிக்களக் கல்வி முகாமுக்கான கடிதம் வீடுகளுக்குப் போகுமுன் எமது டீச்சர் ஒருவர் 'முகாம்' என்பதை வெட்டிவிட்டு 'பாசறை' என்று எழுதினார். சாரணியர் பயன்படுத்தும் சொல் அது. சொல் மாறியதும் கையொப்பங்கள் கொஞ்சம் வேகமாக வந்தன என்பது எனது எண்ணம்.

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவிகள் 42 பேர், ஐந்து டீச்சர்மாருடன் மூன்று நாட்கள் பாசிக்குடாவில் தங்கினோம். அங்கே என்னதான் செய்தீர்கள் என்று தரம் 11 தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் அதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள். பாட்டும் விளையாட்டும் சமையலும் எல்லாப் பாசறைகளிலும் உள்ளவைதான். (மீன் ஆணம் நன்றாக வந்தது, சோறு குழைந்துவிட்டது.) கடற்கரையில் நடத்தப்படும் பாசறையில் மட்டும் கற்கக்கூடிய சில விடயங்களை இங்கு விளக்குகிறேன்.

பாசிக்குடா மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. பாசி நிறைந்த குடா என்பதே பெயரின் பொருள். கடலுக்குள் இருக்கும் முருகைக்கற் பாறை பெரிய அலைகளைத் தடுத்துவிடுவதால், கரையிலிருந்து நீண்ட தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடக்கலாம். கிழக்குக் கரையில் வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் கடல் கொந்தளிக்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை அமைதியாக இருக்கும். அதனால்தான் ஓகஸ்ட் மாதத்தைத் தெரிவு செய்தார்கள்.

அமைதியான கடலும் ஒரு வேலை காட்டும் என்பதை முதல் நாள் காலையிலேயே பார்த்தோம். அந்த மாதங்களில் எங்களுக்கு மேற்கிலிருந்து கச்சான் வீசும். கிழக்குக் கரையில் நிற்பவருக்கு அது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. ஆகவே கரையோரத்தில் அலை எழும்பாது, தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். டீச்சர் ஒரு காற்றடித்த பந்தை முழங்கால் அளவு தண்ணீரில் வைத்தார். அது ஆறுதலாகப் புறப்பட்டது. பத்து அடி போன பிறகு வேகம் கூடியது. "இனி யாராவது அதைப் பிடிக்கப் போவீங்களா?" என்று கேட்டார். இரண்டு பேர் கையை உயர்த்தினார்கள். "இப்படிப் பந்துக்குப் பின்னால போனவங்கதான் திரும்பி வராம போறது" என்றார். பந்து நூலில் கட்டப்பட்டிருந்ததை அதன் பிறகே கவனித்தோம். கச்சான் நாளில் காற்றடித்த டியூப், மெத்தை எதையும் கடலில் போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அன்று பகலில் கடலை விட்டுச் சூரியனுக்குத் திரும்பினோம். கைத்தொலைபேசிகளை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டியாயிற்று. அப்படியென்றால் லுஹர் எப்போது, அஸர் எப்போது, கிப்லா எந்தப் பக்கம்? ஒரு மீற்றர் தடியை மணலில் நேராக நட்டு, நிழலின் நுனியில் பத்து நிமிடத்துக்கொரு முறை சிப்பி வைத்தோம். நிழல் குறுகிக் குறுகி, மிகக் குறுகிய அளவை அடைந்து, மீண்டும் நீளத் தொடங்கும் கணத்தில் லுஹர் நுழைகிறது. அந்த மிகக் குறுகிய நிழல் சரியாக வடக்கு-தெற்குக் கோட்டில் விழும். எங்கள் தடியின் நிழல் பத்து சென்ரிமீற்றர் அளவில் தெற்கு நோக்கி விழுந்தது. எமது நாடு நடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால் நிழல் வடக்கே விழும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியில் சூரியன் எமது அகலக்கோட்டையும் தாண்டி வடக்கே நிற்கிறது என்பதைப் புவியியல் படிக்கும் தோழி ஒருத்திதான் விளங்கப்படுத்தினாள். ஷாபிஈ மத்ஹபின்படி, அந்தப் பத்து சென்ரிமீற்றருடன் தடியின் உயரமான ஒரு மீற்றரையும் கூட்டிய நீளத்துக்கு நிழல் வந்தால் அஸர். கிப்லாவுக்கு, மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 24 பாகை திரும்ப வேண்டும். கையை நீட்டி மூடிய கைமுட்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஆக, மேற்கிலிருந்து வலப்பக்கம் இரண்டரை முட்டி. 'கிப்லா மேற்கு' என்று சிறுவயதில் படித்ததை இரண்டரை முட்டி திருத்திக்கொண்டோம்.

இரண்டாம் நாள்தான் முக்கியமான நாள். குடாவைத் தாண்டி, பாறையின் மறைப்பில்லாத திறந்த கரைக்கு நடந்தோம். அங்கே தண்ணீரில் இறங்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. மேட்டில் உட்கார்ந்து அரை மணித்தியாலம் கடலைப் பார்த்து, குளிப்பதற்கு எந்த இடம் நல்லது என்று ஒவ்வொருவரும் தாளில் குறிக்க வேண்டும். அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்த நீண்ட கரையில், ஓரிடத்தில் மட்டும் ஒரு வாசல் போல இடைவெளி இருந்தது. அங்கே அலை உடையவில்லை. தண்ணீர் கொஞ்சம் கருமையாக, அமைதியாக இருந்தது. 42 தாள்களில் 35 தாள்களுக்கு மேல் அந்த இடமே நல்ல இடமாகக் குறிக்கப்பட்டிருந்தது.

கரைவலை இழுக்கும் ஐயா ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் அவரிடம் தாள்களைக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை. "புள்ளயள், அலை உடையாத இடந்தான் ஆளக் கொண்டுபோற இடம்" என்றார்.

ஏன் அப்படி? அலைகள் தொடர்ந்து தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கின்றன. குவிந்த தண்ணீர் எப்படியும் கடலுக்குத் திரும்ப வேண்டும். கரைக்குச் சற்று அப்பால், தண்ணீருக்கு அடியில், மணல் திட்டு ஒன்று வரம்பு போல நீண்டு கிடக்கும். அந்த வரம்பில் எங்காவது உடைப்பு இருந்தால், குவிந்த தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்தும் கரையோரமாக ஓடிவந்து, அந்த உடைப்பின் வழியாக ஒரே ஓட்டமாக வெளியேறும். வயல் வரம்பு உடைந்தால் தண்ணீர் எப்படிப் பாயும் என்று கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உடைப்பு உள்ள இடத்தில் ஆழம் அதிகம், ஆழம் அதிகமான இடத்தில் அலை உடையாது. ஆகவே கண்ணுக்கு அமைதியாகத் தெரிவது, உண்மையில் வெளியே ஓடும் ஒரு சிறிய ஆறு. இதை இழுவை நீரோட்டம் என்கிறார்கள். சாதாரணமாகச் செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஓடும். கடல் முரடாக இருக்கும் நாளில் 2 மீற்றரையும் தாண்டலாம். உலகின் மிக வேகமான வீரர்கள் 100 மீற்றரை ஏறத்தாழ 47 செக்கனில் நீந்துகிறார்கள். அதுவும் செக்கனுக்கு 2 மீற்றர் சொச்சம்தான். அவர்களாலேயே எதிர்த்து நிற்க முடியாத ஓட்டத்தை ஒரு பிள்ளை எதிர்க்கப் பார்த்தால் என்ன நடக்கும்?

அன்று அலை சிறிதுதான். இருந்தாலும் பரீட்சித்துப் பார்த்தோம். அலை உடையும் இடத்தில் எறிந்த குரும்பட்டி திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தது. வாசலில் எறிந்தது சிறிது நேரம் தத்தளித்துவிட்டு, யாரோ கூட்டிப்போவது போல நேரே வெளியே போனது. அடையாளம் பிடிக்க வேறு வழிகளும் உண்டு: மணல் கலங்கிய தண்ணீர் நாக்கு போல வெளியே நீளும், நுரையும் குப்பையும் கடலை நோக்கி நகரும். உயரமான இடத்தில் நின்று பார்த்தால்தான் இவை தெரியும். தண்ணீரில் இறங்கிய பின் ஒன்றும் தெரியாது.

எங்கள் ஊரில் கடலில் யாராவது மூழ்கினால் 'சுழி இழுத்திட்டு' என்பார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன். சுழி என்றால் கீழே இழுப்பது, பிடித்தால் விடாதது, அதற்கு முன் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த நீரோட்டம் யாரையும் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. அதுவும் பெரும்பாலும் அலைகள் உடையும் எல்லையைத் தாண்டியதும் பலமிழந்து கலைந்துவிடுகிறது. ஆளைக் கொல்வது நீரோட்டம் அல்ல, அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போவது. எனவே அகப்பட்டவர் செய்ய வேண்டியது, எதிர்க்காமல் மல்லாந்து மிதப்பது, ஒரு கையை உயர்த்தி உதவி கேட்பது, இழுவை குறைந்ததும் கரைக்குச் சமாந்தரமாக, அலை உடையும் பக்கம் நகர்ந்து, அந்த அலைகளுடன் கரைக்கு வருவது. 'சுழி' என்ற சொல் எங்களிடமிருந்து பறித்தது இந்த வழியைத்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னே 'மிதப்பது' என்ற சொல் இருக்கிறதே. அதற்காகத்தான் பின்னேரம் மீண்டும் குடாவுக்கு வந்தோம்.

மிதப்பது நீந்துவதல்ல. அதற்குப் பலம் வேண்டியதில்லை. நல்ல தண்ணீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம், கடல் தண்ணீரினது ஏறத்தாழ 1025. நுரையீரல் நிறையக் காற்றுள்ள பெரும்பாலான மனித உடலின் அடர்த்தி இதைவிடச் சற்றுக் குறைவு. அதனால் கடல் எம்மைத் தாங்கும், நாம் விட்டால். பயந்து மூச்சை விட்டு, தலையை உயர்த்தி, கைகளைத் தண்ணீருக்கு மேலே அடித்தால் தாங்காது. மேலே தூக்கிய ஒவ்வொரு உறுப்பின் பாரமும் மற்ற உடலைக் கீழே தள்ளும். காது தண்ணீரில் நனைய வேண்டும், நாடி வானத்தைப் பார்க்க வேண்டும், வயிறு மேலே வர வேண்டும். ஆண்களைவிடப் பெண்களின் உடலில் கொழுப்பின் வீதம் பொதுவாக அதிகம், ஆகவே பெண்கள் இன்னும் இலகுவாக மிதப்பார்கள் என்று டீச்சர் சொன்னபோது கரை முழுக்கச் சிரிப்பு. உண்மைதான். எனக்கு முதல் முறை காது நனைந்தபோது உலகத்தின் சத்தமே நின்றுபோனது. என் மூச்சு மட்டும் கேட்டது. டீச்சரின் இரண்டு விரல்கள் என் முதுகுக்குக் கீழே இருந்தன. அவற்றை எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

உடுப்பு பற்றிய கேள்வி எல்லோரிடமும் இருந்தது. 'அபாயாவோட விழுந்தா பாரம் கீழ இழுக்கும்' என்பது பொதுவான பேச்சு. ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த விற்றராசில் ஒரு பருத்தி அபாயாவைத் தொங்கவிட்டோம். உலர்ந்திருந்தபோது 600 கிராம், நனைத்தபோது 2 கிலோ. அப்படியே ஒரு வாளிக் கடல் தண்ணீருக்குள் இறக்கியபோது முள் 200 கிராமுக்கும் கீழே வந்துவிட்டது. மேலுதைப்பு பற்றித் தரம் 12இல் படித்ததுதான், ஆனால் அபாயாவில் யார் பரீட்சித்துப் பார்த்தார்கள்? துணி உறிஞ்சிய தண்ணீருக்குத் தண்ணீருக்குள்ளே பாரம் இல்லை. அகன்ற துணியின் ஆபத்து வேறு: அது கால்களைச் சுற்றிக்கொள்ளும், அசைவைத் தடுக்கும், முகத்தில் மூடும், வெளியே ஏறும்போது அந்த 2 கிலோவும் திரும்பி வரும். ஆகவே விடை உடுப்பைக் குறைப்பதில் இல்லை, உடுப்பின் வெட்டில் இருக்கிறது. முழங்கால் வரையான தைத்த மேற்சட்டை, உடம்போடு நிற்கும் நீளக் காற்சட்டை, ஊசி குத்தாமல் தலையோடு தைத்த ஹிஜாப் ஆகியவற்றையே நாங்கள் அணிந்தோம். அவுஸ்திரேலியாவில் லெபனான் வம்சாவளியைச் சேர்ந்த அஹெதா சனெத்தி என்ற பெண் 2004இல் முழு உடல் நீச்சல் உடையை வடிவமைத்தது இதே தேவைக்காகத்தான். சன்சிபார் தீவின் நுங்வி கிராமத்தில் முஸ்லிம் பெண் பிள்ளைகள் அவ்வாறான உடையணிந்து நீச்சல் கற்கிறார்கள். எங்களுடைய உடுப்பு எமது ஊர்த் தையல்காரி ராத்தா தைத்தது, விலையும் குறைவு.

இனி, சொல்லாமல் விட முடியாத ஒரு விடயம். பெற்றோர் நிரப்பிய படிவத்தில் 'மகள் தண்ணீரில் இறங்கலாம்', 'இறங்கக்கூடாது' என்று இரண்டு கூடுகள் இருந்தன. 19 படிவங்களில் இரண்டாவது கூடு அடையாளமிடப்பட்டிருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வரும் என்று நினைத்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன், 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, எனது சாச்சி கடலோடு போனார். அவருக்கு அப்போது 14 வயது. உம்மா அதைப் பற்றிக் கதைப்பதில்லை. படிவத்தை இரண்டு நாள் அலுமாரியில் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் முதலாவது கூட்டில் சரி போட்டுத் தந்தார். "என்ட தங்கச்சிக்குக் கடல் வீட்டு வாசல்ல. ஒரு நாளும் அதில கால் வச்சதில்ல" என்று மட்டும் சொன்னார்.

சுனாமிக்கு முன்னால் நீச்சல் தெரிந்தவரும் தெரியாதவரும் பெரிதும் ஒன்றுதான் என்பதை இங்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே மருந்து, எச்சரிக்கை கிடைத்தவுடன் உயரமான இடத்துக்கு ஓடுவது. கடல் பின்வாங்கிய பிறகுதான் அலை வரும் என்று காத்திருக்கவும் கூடாது. ஏனெனில் எல்லாச் சுனாமியும் பின்வாங்கலோடு தொடங்குவதில்லை. ஆனாலும் 2005 மார்ச் மாதம் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, இந்தோனேசியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் என்று காட்டியது. அதற்குச் சொன்ன காரணங்களில், பெண்கள் பிள்ளைகளோடு வீட்டில் இருந்ததும், நீந்தவும் மரமேறவும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டிருந்ததும் அடங்கும். தண்ணீர் வடியும்போது ஒரு மரத்தைப் பிடிக்கவும், ஒரு பலகையோடு ஐந்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கணக்கிட யாராலும் முடியாது. அல்லாஹ்வே அறிந்தவன்.

மார்க்கம் தடுக்கிறதா என்று சிலர் கேட்டார்கள். வீண் விளையாட்டுக்களில் சேராதவை என்று எண்ணப்பட்ட நான்கில் நீச்சல் கற்பதும் ஒன்று என்ற கருத்தில் ஒரு ஹதீஸை இமாம் நஸாயீ பதிவு செய்திருக்கிறார்கள் என்று இஸ்லாம் பாட டீச்சர் சொன்னார். மறைவும் ஒழுங்கும்தான் கேள்வி. நாங்கள் இறங்கியது காலை ஸுபஹுக்குப் பின்னும், பின்னேரம் அஸருக்குப் பின்னும், ஆட்கள் இல்லாத மூலையில். தண்ணீரில் நின்றவர்கள் பெண்கள் மட்டும்.

இறங்காத 19 பேரும் சும்மா இருக்கவில்லை. அவர்கள்தான் எங்கள் காவலர். ஒவ்வொருவருக்கும் இரண்டு மாணவிகள் பொறுப்பு, ஒரு நிமிடத்துக்கொரு முறை எண்ண வேண்டும். மூழ்குபவர் கத்தமாட்டார், அவருக்கு மூச்சு எடுக்கவே நேரம் போதாது, ஆகவே சத்தத்தை எதிர்பார்க்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். காப்பாற்றுவதாகத் தண்ணீரில் பாயக்கூடாது என்பதும் அவர்களுடைய பாடம். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் மௌத்தான செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். முதலில் ஆட்களைக் கூப்பிட வேண்டும், பிறகு எதையாவது நீட்ட வேண்டும், அல்லது எறிய வேண்டும். மூடியை இறுக்கிய 5 லீற்றர் வெறுங் கேன் ஒன்று ஏறத்தாழ 5 கிலோ பாரத்தைத் தாங்கும். தண்ணீருக்கு மேலே தலையை வைத்திருக்க அது போதும். ஐந்து கேன்களைக் கயிற்றில் கட்டி எறிந்து பழகினார்கள். அவர்கள் எங்களைவிடக் குறி பார்த்து எறிந்தார்கள் என்பதை எழுதத்தான் வேண்டும்.

இருந்தும், கடலை வாசிப்பதையும் கேன் எறிவதையும் கரையில் இருந்தே கற்கலாம், மிதப்பதைக் கரையில் இருந்து கற்க முடியாது. மூன்றாம் நாள் காலை அந்த 19 பேரில் நால்வர் டீச்சரின் கைத்தொலைபேசியில் வீட்டுக்குப் பேசினார்கள். இருவருக்குச் சம்மதம் கிடைத்தது. மற்ற இருவரும் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் கேன்களை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஓகஸ்ட் பாசறைக்கான படிவம் இரண்டாம் தவணை முடிவதற்குள் கைக்கு வரும். அதே இரண்டு கூடுகள் அதிலும் இருக்கும். வீட்டில் இதைப் பற்றி முதலிலேயே கதைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் நீட்டாதீர்கள். உடுப்பைப் பாசறைக்கு முன் ஒருமுறை நனைத்து நடந்து பாருங்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், ஒரு மீற்றர் தடி ஆகியவற்றுடன் ஆளுக்கொரு 5 லீற்றர்க் கேன். மூடியோடு கொண்டு வாருங்கள். மூடி இல்லாத கேன் பத்து எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.